காற்றில் அடிக்கிற பந்து: திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா?

2024 ஜூன் 8, சனி மாலை. புதுச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி

டிவியில் பழைய பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் ஆட்டம் ஒன்று பார்த்தேன். கடலோரம். ஒரு மரம் இல்லை, புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. ஒருத்தர் அழகாக அடித்த பந்தைக் காற்று தள்ளிக்கொண்டு போய் முள்ளுப் புதரில் போட்டது. அடுத்தவர் தப்பாக அடித்தது தரையிலேயே உருண்டு உருண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றது. இதில் திறமை எங்கே இருக்கிறது? நான் சாயங்காலம் பெத்தாங் ஆடுகிறவன், குறிக்குப் பக்கத்தில் குண்டைப் போடுகிற பிரெஞ்சு ஆட்டம். இரும்புக் குண்டு என் கை சொன்னபடி கேட்கும். இது எனக்குச் சீட்டுக் குலுக்கல் மாதிரித்தான் தெரிகிறது. அந்த மாதிரி இடத்தில் ஆடியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

2024 ஜூன் 8, இரவு

ஆடியிருக்கிறேன். ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 2013 முதல் 2018 வரை ஸ்காட்லாந்தில் அபர்டீனில் வேலை, கடலடி எண்ணெய்க் குழாய் சம்பந்தப்பட்டது. அங்கே கடற்கரையை ஒட்டி கிங்ஸ் லிங்க்ஸ் என்று நகராட்சி மைதானம் ஒன்று உண்டு. காசு கொடுத்தால் யாரும் ஆடலாம். வேலை முடிந்தால் அங்கேதான் கிடப்பேன். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

நீங்கள் பார்த்தது நிஜம், ஆனால் முடிவு தப்பு. காற்று எல்லாருக்கும் ஒன்றுதான். எதிர்காற்று எடுத்துக்கொள்வதைப் பின்காற்று திருப்பிக் கொடுத்துவிடும். லிங்க்ஸ் என்கிற பழைய கடலோர மைதானங்கள் பலவற்றில் ஒன்பது குழி கடலோரமாகவே போய், ஒன்பது குழி திரும்பி வரும். பதினெட்டு முடியும்போது கணக்கு நேராகிவிடும். லிங்க்ஸ் என்ற பெயரே நிலத்தையும் கடலையும் இணைப்பது என்பதால் வந்தது. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

2024 ஜூன் 9, ஞாயிறு

தரையைப் பற்றிச் சொல்லாமல் காற்றைப் பற்றிப் பேச முடியாது.

கடலூர் சில்வர் பீச்சுக்கு வடக்கே ஆள் நடமாட்டம் குறைகிற இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். அலை முடிகிற இடம், அப்புறம் வெறும் மணல், அப்புறம் அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கிற மணல்மேடு, அதற்கும் பின்னால் சவுக்குத் தோப்பு. மேட்டுக்கும் பயிர் விளைகிற நிலத்துக்கும் நடுவில் எதற்கும் உதவாத ஒரு பட்டை இருக்கும். ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்பது அந்தப் பட்டைதான். ராவணன் மீசை செய்கிற வேலையை அங்கே மாரம் புல் செய்கிறது. உள்பக்கம் ஃபெஸ்க்யூ என்று ஊசி மாதிரி மெல்லிய புல். மணலில் தண்ணீர் நிற்காது. மழை பெய்த கொஞ்ச நேரத்தில் தரை மறுபடி இறுகிவிடும். பந்து விழுந்தால் "டொக்" என்று கேட்கும். சேற்றில் விழுகிற "சொத்" சத்தமே கிடையாது. விழுந்து எழும்பி இன்னும் முப்பது நாற்பது கெஜம் ஓடும்.

அந்த ஓட்டம்தான் இந்த ஆட்டத்தின் உயிர். உள்நாட்டில் மரம் சூழ்ந்த பச்சைப் பசேல் மைதானத்தில் பந்தை உயரத் தூக்கி, குழிக்குப் பக்கத்தில் இறக்கி, அங்கேயே நிறுத்துவார்கள். இங்கே இறக்கின இடத்தில் நிற்காது. எங்கே விழ வேண்டும் என்று மட்டும் நீங்கள் முடிவு செய்யலாம். மிச்சத்தைத் தரையின் சரிவு பார்த்துக்கொள்ளும், அந்தச் சரிவை முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். பெத்தாங் ஆடுகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குண்டைத் தாழ்வாகப் போட்டு உருட்டிக் கொண்டுபோய் குறியாக வைத்த மரக்குண்டுப் பக்கத்தில் நிறுத்தும்போது நீங்கள் பார்ப்பது மரக்குண்டையா, குண்டு முதலில் விழப்போகிற அந்த உள்ளங்கை அகலத் தரையையா?

2024 ஜூன் 10, திங்கள் காலை

முதல் நாள் எழுதியதில் இரண்டு தப்பு. ஒன்றை ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், மற்றது ராத்திரி படுத்தபின் எனக்கே உறைத்தது.

லிங்க்ஸ் என்பதற்கு இணைப்பு என்று சொன்னது தவறு. பழைய ஆங்கிலத்தில் மேட்டுக்கு, திட்டுக்கு இருந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது அது. மணல்திட்டு என்பதுதான் நேர்ப் பொருள். எங்கோ கேட்டதை அப்படியே நம்பி ஐந்து வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவது பெரிய தப்பு. எதிர்காற்று எடுப்பதைப் பின்காற்று முழுசாகக் கொடுக்காது. கோல்ஃப் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது. அந்தச் சுழற்சிதான் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது. 1890-களில் எடின்பரோ பேராசிரியர் பி. ஜி. டெய்ட் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-லும் 1898-லும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வாங்கியவர். எதிர்காற்றில் பந்துமேல் மோதுகிற காற்றின் வேகம் கூடுகிறது. தூக்கலும் கூடுகிறது, இழுவையும் கூடுகிறது. பந்து ஜிவ்வென்று மேலேறி, ஒரு கணம் நின்ற மாதிரி இருந்து, செங்குத்தாக விழும். பின்காற்றில் இழுவை குறைவுதான், ஆனால் தூக்கலும் சேர்ந்து குறைந்துவிடுகிறது. அதனால் லாபம் நஷ்டத்தை ஈடுகட்டாது. என் 7 அயர்ன் (இரும்பு மட்டை; எண் குறையக் குறையப் பந்து தாழ்வாக, தூரமாகப் போகும்) அமைதியான நாளில் 120 கெஜம் போகும். கிங்ஸ் லிங்க்ஸில் எதிர்காற்றில் 85 தாண்டாமல் விழுந்த நாட்கள் உண்டு. அதே காற்று முதுகில் அடித்தபோது ஒரு நாளும் 155 போனதில்லை.

பந்தின் அளவுக்கும் இதில் பங்கு இருந்தது. பிரிட்டனில் 1.62 அங்குலச் சின்னப் பந்தும் செல்லுபடியாக இருந்தது, காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அமெரிக்கப் பந்து 1.68. ஓபனில் 1974-இல் பெரிய பந்தைக் கட்டாயமாக்கினார்கள். 1990-இல் சின்னது விதியிலிருந்தே போய்விட்டது. வித்தியாசம் நூறில் ஆறு பங்கு அங்குலம், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். காற்றுக்கு அது போதும்.

2024 ஜூன் 15, சனி

"காற்றில் எப்படித்தான் அடிப்பது அக்கா" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது கோல்ஃப் மட்டையைக் கையால் தொடாத ஒருத்தர். என் அப்பா.

அப்பா கட்டுமரத்தில் போனவர். பிறகு ஃபைபர் படகு, பிறகு முட்டி வலி, பிறகு கரை. 2016 ஜூனில் அபர்டீனுக்கு அழைத்துப் போனேன். ஜூனிலேயே ஸ்வெட்டர், அதன்மேல் என் மழைக்கோட்டு, தலையில் மங்கி குல்லா. வந்த மூன்றாம் நாள் கிங்ஸ் லிங்க்ஸுக்குக் கூட்டிப் போனேன். ஒரு பக்கம் கால்பந்து ஸ்டேடியம், ஒரு பக்கம் வட கடல். கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "நெறம் வேறயா இருக்கு, வாசனை அதேதான்" என்றார்.

அன்று காற்று தென்கிழக்கிலிருந்து, கண்ணில் தண்ணீர் வருகிற அளவு. நான் டீயில், அதாவது பந்தை நிறுத்தி வைக்கிற சின்ன ஆப்பில், பந்தை வைத்து முழு பலத்தோடு அடித்தேன். மேலே போய், வளைந்து, எனக்கு எழுபது கெஜத்தில் விழுந்தது. இன்னொன்று வைத்து இன்னும் பலமாக அடித்தேன். அது அதைவிட உயரமாகப் போய் அதைவிடக் கிட்டே விழுந்தது. மூன்றாவது வைக்கக் குனிந்தபோது அப்பா, "இரும்மா" என்றார்.

குனிந்து ஒரு பிடி புல் கிள்ளினார். முழங்கால் உயரத்தில் கையை வைத்து விட்டார். புல் ஒரு அடி தள்ளி விழுந்தது. மறுபடி கிள்ளி, கையைத் தலைக்கு மேலே தூக்கி விட்டார். அது எங்களைத் தாண்டிப் பறந்து கண்ணுக்கு மறைந்தது. கோல்ஃப் ஆடுகிறவர்கள் எல்லாரும் புல்லைக் கிள்ளிப் போட்டுத்தான் காற்று பார்ப்பார்கள். ஆனால் ஒரே உயரத்திலிருந்து ஒரு தடவைதான் போடுவார்கள். இரண்டு உயரத்தில் போட்டுப் பார்த்தவரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"காத்து மேல இருக்கு. கீழ அவ்ளோ இல்ல. நீ எதுக்கு அதப் போயி மேலயே தேடிப் புடிக்கிற? காத்து ஏறுச்சின்னா நாங்க பாய ஏத்துவோமா எறக்குவோமா?"

"எறக்குவீங்க."

"அப்ப எறக்கு."

பந்தை டீயிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். 7 அயர்னை உள்ளே போட்டுவிட்டு 4 அயர்ன் எடுத்தேன். பாதி வீச்சு, மெதுவாக. பந்து இடுப்பு உயரத்துக்குமேல் போகவில்லை. தரையில் பட்டு, ஒரு மேட்டில் ஏறி, இறங்கி, ஓடிக்கொண்டே இருந்தது. 130 கெஜம் இருக்கும். நான் கத்திவிட்டேன். அப்பா அதற்குள் கடல் பக்கம் திரும்பி, தூரத்தில் நிற்கிற எண்ணெய்க் கப்பலுக்குத் துணைபோகிற படகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

2024 ஜூன் 16, ஞாயிறு

அப்பா கதையில் செய்முறை விட்டுப்போயிற்று. அந்தத் தம்பிக்கு: பந்து வலது காலுக்குக் கொஞ்சம் கிட்டே. மட்டையைப் பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடி. அடிக்கும்போது கை பந்துக்கு முன்னால் இருக்கட்டும். அடித்தபின் மட்டையைத் தோளுக்குமேல் கொண்டுபோகாதே, இடுப்பிலேயே நிறுத்து. பலமாக அடித்தால் சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து ஏறும், ஏறினால் காற்றின் கையில் போய்விடும். அதனால் எப்போதும் ஒரு நம்பர் குறைந்த, அதாவது தூரம் போகிற மட்டை எடுத்து மெதுவாக. காற்று ரொம்ப என்றால் மூன்று நம்பர்.

உதாரணத்துக்கு, பழைய அமெரிக்கச் சாம்பியன் ஜீன் சராசன் 1973 ஓபனில் ராயல் ட்ரூன் எட்டாம் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டார். வயது 71. குழிக்குத் தூரம் 126 கெஜம், அவர் எடுத்தது 5 அயர்ன். அந்தத் தூரத்துக்கு இளவயதுக்காரர்கள் வெட்ஜ் எடுப்பார்கள், பந்தை உயரத் தூக்குகிற குறுந்தூர மட்டை.

2024 ஜூன் 23, ஞாயிறு

கோல்ஃபுக்குப் பேர்போன ஸ்காட்லாந்து ஊர் செயின்ட் ஆண்ட்ரூஸ் போனீர்களா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. ஒரு தடவை, 2017 செப்டம்பர்.

அங்கே ஓல்டு கோர்ஸ் என்கிற பழைய மைதானத்தில் ஆடத் தனியாகப் போகிறவர்கள் அப்போதெல்லாம் இருட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். விடிந்தபின் இடம் காலியாக இருக்கிற குழுவோடு சேர்த்துவிடுவார்கள். ஹேண்டிகேப் சான்று, அதாவது ஆட்டத் திறனைக் காட்டுகிற எண்ணுக்குச் சான்று, கேட்பார்கள். அதிகாலை மூன்றரைக்கு நான் போனபோது எனக்கு முன்னால் ஐந்து பேர், ஒருத்தர் மடக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு இடம் கிடைத்தது.

ஓல்டு கோர்ஸில் ஏழு கிரீன்கள் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) இரட்டைக் கிரீன்கள். போகிற குழியும் வருகிற குழியும் ஒரே புல்தரையில். அந்த ஜோடி எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், இப்படி. இந்தப் பதினெட்டு எண்ணே இங்கேதான் பிறந்தது. முன்பு 22 குழியாக ஆடினார்கள், 1764-இல் சிலவற்றைச் சேர்த்து 18 ஆக்கினார்கள். உலகம் பிறகு அதையே பிடித்துக்கொண்டது.

பதினான்காம் குழியில் ஹெல் பங்கர், நரகப் பள்ளம். என் பந்து அதில் விழுந்தது. மேலிருந்து பார்த்தால் மணல் பள்ளம், உள்ளே இறங்கினால் சுவர். பங்கரின் முகப்பைப் புல்தகடுகளை வெட்டிச் செங்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். வெயில் படாத அடுக்குகளில் பாசி, பட்ட அடுக்குகளில் காய்ந்த வேர் நூல் நூலாகத் தொங்கும். என் கண்ணுக்கு நேராக ஒரு சின்ன நத்தை அந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. கிரீன் பக்கம் அடித்தேன். சுவரில் மோதிக் காலடியில் விழுந்தது. மறுபடி அடித்தேன், அதேதான். மூன்றாவதும் அதேதான். என் கூட ஆடிய கிளாஸ்கோ பெரியவரின் கேடி, மட்டைப் பை சுமக்கிறவர், மேலே நின்று, "வந்த வழியே திரும்பிப் போம்மா" என்று சொல்வதுபோல் பின்பக்கம் கை காட்டினார். நாலாவது அடியில் குழிக்கு முதுகைக் காட்டி, பின்னோக்கி அடித்து வெளியே வந்தேன். அந்தக் குழிக்கு மொத்தம் பத்து அடி. கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்லது.

அந்தப் பின்னோக்கி அடித்த அடியை முதலிலேயே அடித்திருந்தால் ஏழில் முடிந்திருக்கும். எந்தக் காற்றும் எனக்கு அந்த மூன்றைக் கூட்டவில்லை. முன்னால்தான் போவேன் என்று நான் அடம்பிடித்ததன் விலை அது.

2024 ஜூன் 24, திங்கள்

புதுச்சேரி வாசகர் விடவில்லை. "உங்கள் பத்து உங்கள் தப்பு, சரி. ஆனால் காலையில் ஆடுகிறவனுக்குத் தென்றல், மத்தியானம் ஆடுகிறவனுக்குப் புயல் என்றால் அது என்ன?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். முதல் நாள் "காற்று எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று எழுதினேனே, அது நான்கு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்துக்குச் சரி. நூற்றைம்பது பேர் காலை முதல் மாலை வரை ஆடுகிற போட்டிக்குச் சரியில்லை. 2002-இல் ஸ்காட்லாந்தின் ம்யூர்ஃபீல்டு மைதானத்தில் நடந்த ஓபனில் மூன்றாம் நாள் மத்தியானம் கடலிலிருந்து குளிரும் மழையும் காற்றும் சேர்ந்து வந்தது. அந்த வருஷம் அதற்கு முன்பே இரண்டு பெரிய பட்டங்களை வென்றிருந்த டைகர் வுட்ஸ் 81 அடித்தார். காலையில் ஆடி முடித்தவர்கள் உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் அதிர்ஷ்டம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே பிற்பகலில் ஆடிய எர்னி எல்ஸ் 72 அடித்தார். மறுநாள் பட்டமும் அவருக்கே. டைகரும் மறுநாள் வந்து 65 அடித்தார். எந்த நேரத்தில் களமிறங்குவது என்பதில் குலுக்கல் உண்டு. இறங்கியபின் 72-க்கும் 81-க்கும் நடுவில் இருப்பதைக் குலுக்கல் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

காற்று மிஞ்சினால் நிறுத்தவும் செய்வார்கள். 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் சனிக்கிழமை கிரீனில் வைத்த பந்து தானாகவே உருண்டது. பத்து மணி நேரத்துக்குமேல் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். ஓபன் திங்கட்கிழமைதான் முடிந்தது.

2024 ஜூன் 30, ஞாயிறு

தானே புயலைப் பற்றி ஒரு அண்ணன் எழுதியிருந்தார். 2011 டிசம்பர் 30 விடிகாலை. நான் அப்போது இங்கேதான் இருந்தேன். ஓடு போன சத்தம் அல்ல எனக்கு நினைவில் இருப்பது. பண்ருட்டிப் பக்கம் சித்தப்பா வைத்திருந்த பலா, அவர் அப்பா நட்டது, வேரோடு கிடந்ததைப் பார்த்து அவர் அதன்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். அந்தக் காற்றை நான் ஆட்டத்தின் காற்றோடு ஒரே வாக்கியத்தில் பேச மாட்டேன்.

ஆனால் நமக்குக் காற்றுக்கு எத்தனை பெயர் என்று பாருங்கள். வடக்கே இருந்து வந்தால் வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. அப்பா சோழகம் என்றும் ஒன்று சொல்வார். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலிலிருந்து ஏறி வருகிற மூடுபனிக்கு "ஹார்" என்று தனிப்பெயர். ஒரு நாள் கிங்ஸ் லிங்க்ஸில் ஹார் வந்து மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அடித்த பந்து எங்கே போனது என்று காதால்தான் கேட்டேன். டொக், டொக், அப்புறம் சரசரவென்று புல். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் பந்தை எடுத்தேன்.

2024 ஜூலை 7, ஞாயிறு

இரண்டு விஷயம் சூடாகிவிட்டது.

ஒன்று, இது பணக்காரர் விளையாட்டு, இங்கே எதற்கு என்ற கேள்வி. நம் ஊரில் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் லிங்க்ஸ் பிறந்த இடத்தில் அது ஊர்ப் பொதுநிலம். 1552-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் ஹாமில்டன் எழுதிக் கொடுத்த சாசனத்தில், தான் அங்கே முயல் வளர்க்கலாம், ஊர் மக்கள் அங்கே கோல்ஃப் ஆடலாம் என்று இருக்கிறது. பிறகு நகராட்சி கடனில் மூழ்கி 1797-இல் நிலத்தைக் கைவிட, அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல் வளைதோண்டி மைதானத்தைக் குலைக்க, ஊர்க்காரர்கள் முயலைக் கொல்ல, வழக்கும் அடிதடியுமாக இருபது வருஷத்துக்குமேல் இழுத்தது. 1821-இல் கோல்ஃப் பிரியரான நிலச்சுவான்தார் ஒருவர் வாங்கிய பிறகுதான் அடங்கியது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊரார் நாயோடும் குழந்தையோடும் நடந்து போவார்கள். நானும் ஒரு ஞாயிறு நடந்திருக்கிறேன், பதினெட்டாம் குழிக்குப் போகிற புல்வழியில் ஒரு அம்மா தள்ளுவண்டிக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, "அப்படியானால் நம்ம கடற்கரையிலும் ஒன்று கட்டலாமே" என்ற யோசனை. வேண்டாம். இதை நான் ஆசையோடு அல்ல, யோசித்துத்தான் சொல்கிறேன். அங்கே மேய்ச்சல் நிலத்தில் ஆடு கடித்த புல்லில் ஆடத் தொடங்கினார்கள், அந்தக் குளிருக்கு அந்தப் புல் தானாக நிற்கிறது. இங்கே அப்படி ஒரு பச்சை வேண்டுமென்றால் நாள் பூராவும் தண்ணீர் ஊற்ற வேண்டும். தவிர நம் மணல்மேடு சும்மா கிடக்கிற இடம் இல்லை. வலை காய்வதும் கருவாடு காய்வதும் படகு ஏறுவதும் அங்கேதான். சுனாமி அன்று எங்கள் குப்பத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் மேட்டையும் சவுக்கையும் தொடச் சொல்ல மாட்டார்கள்.

2024 ஜூலை 9, செவ்வாய்

"அப்படியானால் நீங்கள் பீச்சில் பந்து அடிப்பது மட்டும் சரியா" என்று ஒருவர் கேட்டது சுருக்கென்று பட்டது. சரியான கேள்வி. நான் இங்கே கடற்கரையில் பந்து அடித்துப் பழகுவது உண்மைதான். ஊர் திரும்பிய புதிதில் நிஜப் பந்தால்தான் அடித்தேன். இரண்டு பந்து கடலில் போனது. ஒரு தடவை வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மாமாவுக்கு நாலடி பக்கத்தில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றோடு நிறுத்தினேன். இப்போது ஸ்பாஞ்சுப் பந்து, எண்ணி பத்து, விடியற்காலை, யாரும் இல்லாத இடத்தில் மட்டும். பத்தும் பைக்குள் வந்தால்தான் வீடு. ஆமை முட்டையிடுகிற மாதங்களில் மணல்மேட்டுப் பக்கமே போவதில்லை.

ஸ்பாஞ்சுப் பந்து லேசு என்பதால் காற்று அதை இன்னும் பாடுபடுத்தும். ஒரு விதத்தில் அதுவே நல்ல வாத்தியார்.

2024 ஜூலை 20, சனி நள்ளிரவு

ட்ரூனில் ஓபன் நடக்கிறது, பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். முதல் நாள் அந்த எட்டாம் குழியில், சராசன் ஒரே அடியில் போட்ட அதே குழியில், ஹோவாகின் நீமன் எட்டு அடித்தார். 123 கெஜம்தான் மொத்த நீளம், கிரீன் அவ்வளவு சின்னது, அதனால்தான் அதற்கு அஞ்சல் தலை என்று பெயர். அப்படியும் அன்றைய ஆட்டத்தை 71-இல் முடித்தார். எட்டை மனசில் சுமக்காமல் மற்ற குழிகளை ஆடியிருக்கிறார். இன்றைக்கு மழையும் காற்றும். பதினேழாம் குழியில் சி வூ கிம் 238 கெஜத்திலிருந்து ஒரே அடி. பந்து தரையில் பட்டு, ஓடி, ஓடி, உள்ளே. ஓபன் வரலாற்றிலேயே இவ்வளவு தூரத்திலிருந்து ஒரே அடியில் போனதில்லையாம். புதுச்சேரிக்காரரே, இதைப் பார்த்தீர்களா? அதிர்ஷ்டம் என்பீர்கள். ஓடவிட்டார் பாருங்கள், அதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2024 ஜூலை 22, திங்கள்

ஓபனை ஸான்டர் ஷாஃப்லி ஜெயித்தார். கடைசி நாள் 65. பதினெட்டுக் குழியில் ஒன்றில்கூட அதற்குரிய அடிக்கணக்கைத் தாண்டவில்லை.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

புதுச்சேரி வாசகர் இன்று நேரில் வந்தார். பஸ்ஸில் வந்து, மஞ்சக்குப்பத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தேவனாம்பட்டினம். கையில் ஒரு கித்தான் பையில் மூன்று பெத்தாங் குண்டு. "அண்ணன் ஆயுதத்தோட வந்திருக்காரு" என்று என் தம்பி மகன் சொன்னான்.

வழியில் குண்டு சாலை என்ற தெருவின் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. 1690-இல் வெள்ளைக்காரக் கம்பெனி மராத்தியரிடம் இங்கே கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். கோட்டையிலிருந்து நாலா பக்கமும் சுட்டார்கள். விழுந்த இடம் வரை உள்ள ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடிக்குப் பெயர் அப்படி வந்தது. "அன்னைக்கு எந்தக் காத்தோ?" என்றார் அவர். செப்டம்பர் மாதம் சுட்டதாகச் சொல்கிறார்கள். மேற்குக் காற்று இருந்திருந்தால் மேற்கே இருக்கிற ஊர்கள் சில கெஜம் தப்பித்திருக்கும்.

ஐந்தே முக்காலுக்கு மணலில் இறங்கினோம். கரைக்காற்று மேற்கிலிருந்து, மெதுவாக. ஈர மணல் இறுகிக் கிடக்கிற பட்டையில் முப்பது கெஜத்தில் என் துண்டை விரித்துப் போட்டேன். அவர் 7 அயர்னைப் பிடித்தவிதம் பார்க்கச் சங்கடமாக இருந்தது, ஆனால் நான் வாயே திறக்கவில்லை. முதல் பந்தைத் தூக்கி அடித்தார். காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோனது. தம்பி மகன் ஓடிப்போய் அலைக்கு முன்னால் எடுத்தான். இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதுக்கு மட்டையை வைத்துவிட்டு நடந்து போனார். துண்டுக்குப் பத்தடி முன்னால் குனிந்து மணலைத் தடவிப் பார்த்தார். ஒரு சிப்பியை எடுத்து அப்பால் போட்டார். காலால் ஓர் இடத்தை லேசாக அழுத்தினார். திரும்பி வந்து, துண்டைப் பார்க்காமல் அந்தக் கால் தடத்தையே பார்த்து, குழிக்குள் பந்தைத் தள்ளுகிற பட்டர் மட்டையால் தள்ளுவது போலத் தாழ்வாக ஒரு அடி. கால் தடத்துக்கு ஒரு முழம் இடதுபக்கம் பட்டு, உருண்டு, துண்டின் ஓரத்தில் ஏறி நின்றது.

"இது பெத்தாங்குதான்" என்றார்.

அதற்குமேல் எங்களுக்குள் வாதம் நடக்கவில்லை. பிறகு அவர் குண்டுகளால் ஆடினோம், பதின்மூன்றுக்கு நான்கு என்று தோற்றேன். அப்பா ஏழு மணிக்கு டீயோடு வந்து, சும்மா நின்று பார்த்துவிட்டு, குண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இத காத்து ஒண்ணும் பண்ணாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பதின்மூன்றுக்கு ஐந்து. அவரே சொன்னார், நான் ஜெயித்த ஒரு ரவுண்டில் என் இன்னொரு குண்டும் கிட்டே இருந்ததை இருவரும் கவனிக்கவில்லையாம், பஸ்ஸில் போகும்போது நினைவு வந்ததாம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்போது கடல்காற்று ஏறியிருக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதால் இன்னும் வடக்கே, ஆற்றங்கரை தாண்டிப் போக வேண்டும். வேறு யாரும் வருவதாக இருந்தால் எழுதுங்கள். தொப்பிக்குக் கயிறு கட்டிக்கொண்டு வாங்க.